பழங்காசு தேட எந்த மண்? டெல்டாவில் பூங்காவும் கொல்லையும் கடற்கரையும்

கையில் மெட்டல் டிடெக்டர் வந்ததும் முதலில் கால் இழுக்கும் இடம் ஊர்ப் பூங்கா. நிழல் இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது, வெளிநாட்டுக் காணொளிகளிலும் எல்லோரும் பூங்காவில்தான் தேடுகிறார்கள். அங்கே அது பலிக்கக் காரணம் உண்டு. ஒரே புல்தரையில் நூறு ஆண்டுகளாக மக்கள் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள். பையிலிருந்து நழுவிய வெள்ளிக் காசு நாலு விரற்கடை ஆழத்தில் அப்படியே கிடக்கிறது. காவிரி டெல்டாவில் இந்தக் கணக்கு உதைக்கிறது. இங்கே எந்தக் கருவி வாங்குவது என்பதைவிட எந்த மண்ணில் நிற்பது என்பதுதான் முதல் முடிவு. மண் தெரிந்தால் கருவி தானாகத் தெரிந்துவிடும்.

நம் முன்னால் உள்ள வாய்ப்புகள் நாலைந்துதான்: நகராட்சிப் பூங்கா, சொந்தக் கொல்லை அல்லது தெரிந்தவர் கொல்லை, கடற்கரை, வற்றிய ஆற்றுமணல். தோண்டவே வேண்டாம் என்றால் காசு வியாபாரி.

பூங்கா

டெல்டா நகரங்களின் பூங்காக்களில் பெரும்பாலானவற்றின் மேல்மண் அந்த இடத்து மண் அல்ல. பள்ளத்தை மேடாக்கக் கொட்டிய மண், ஏதோ ஒரு குளத்தைத் தூர்வாரியபோது வந்த வண்டல், கட்டட இடிபாடு எல்லாம் கலந்தது. அதன் மேல் செம்மண் பரப்பி, சதுரம் சதுரமாகக் கொரியன் புல் பதித்திருப்பார்கள். புல் பதித்து ஐந்து ஆண்டுதான் ஆகிறது என்றால் அதற்கு மேல் கிடப்பது ஐந்து ஆண்டுக் குப்பை. பழைய தரை இரண்டடி கீழே போயிருக்கும். சாதாரணக் கருவியின் கை அவ்வளவு தூரம் எட்டாது. குளத்து வண்டலோடு ஒரு சோழக் காசு வந்து விழுந்திருக்கலாம்தான். ஆனால் அது எந்த ஊர்க் குளத்திலிருந்து வந்தது என்று சொல்ல ஆளிருக்காது. இடம் தெரியாத காசு பாதிக் காசு.

அடுத்தது, கடந்த முப்பது ஆண்டுகளில் தவறவிட்ட காசுகளின் உலோகம். 1988 முதல் பத்துப் பைசா, இருபத்தைந்து பைசா, ஐம்பது பைசாவும், 1992 முதல் ஒரு ரூபாயும் காந்தம் பிடிக்கும் துருப்பிடிக்கா எஃகில் வந்தன. 2005-க்குப் பிறகு இரண்டு ரூபாயும் அப்படியே. டிடெக்டருக்கு இவை இரும்புக்கும் நல்ல உலோகத்துக்கும் நடுவில் தடுமாறும் ஒலிகள். ஒரு பக்கம் வீசினால் இரும்பு என்னும், மறுபக்கம் வீசினால் வெள்ளி என்னும். வெளிநாட்டுக் கருவியின் திரையில் அச்சடித்திருக்கும் காசுப் படங்கள் அந்த நாட்டுக் காசுகளுக்கு அளந்தவை. அவற்றை நம்பினால் இங்கே நாள் முழுதும் குழிதான் மிஞ்சும்.

குப்பையைப் பொறுத்தவரை ஒரு சின்ன ஆறுதல் உண்டு. பாக்குப் பொட்டலமும் சிப்ஸ் உறையும் பளபளவென்று இருந்தாலும் அவற்றில் இருப்பது பிளாஸ்டிக்கின் மேல் படிந்த மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. பெரும்பாலும் சத்தமே வராது. உண்மையான தொல்லை மாத்திரை அட்டையும் குளிர்பான டின்னின் இழுப்பு வளையமும் சோடா மூடியும்தான். மாத்திரை அட்டையின் முதுகில் இருப்பது நிஜமான அலுமினியத் தாள். அது ஈயக் காசும் மெல்லிய சிறு செப்புக்காசும் திரையில் காட்டும் எண்ணோடு குழம்பும். வளையம் பழைய அலுமினியப் பத்துப் பைசாவோடு குழம்பும். சோடா மூடி எஃகுதான், ஆனால் வட்டமாகத் தட்டையாக இருப்பதால் நல்ல காசு போலக் கணீரென்று ஒலிக்கும். அதைப் பிரித்தறிய ஒரு வழி: ஒலி வந்த புள்ளியின் மேல் காயிலை (கருவியின் அடியில் உலோகத்தை உணரும் தட்டு) வீசிக்கொண்டே மெல்லப் பின்னால் இழுங்கள். காயிலின் முன்நுனி மட்டும் அதன் மேல் இருக்கும்போது ஒலி உடைந்து இரும்பின் கரகரப்புக்கு இறங்கினால் அது மூடி. காசு கடைசிவரை ஒரே குரலில் பேசும்.

இதெல்லாம் தாண்டி, நிலம் உங்களுடையது அல்ல. நகராட்சி ஆணையரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் பூங்காப் புல்லில் குழி போட்டால் அது பொதுச்சொத்தைச் சேதப்படுத்துவதுதான், குழியை எவ்வளவு அழகாக மூடினாலும். தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா இன்னும் சிக்கல். பெரிய கோயிலை ஒட்டியே இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என்று 2010-ம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வகுத்திருக்கிறது. அந்தத் தூரக்கணக்கு கட்டுமானத்தை மனத்தில் வைத்து எழுதியதுதான். ஆனால் கருவியும் கொத்துக்கரண்டியுமாகக் கோயில் மதிலோரம் நிற்பவரிடம் அந்த நுணுக்கத்தை யாரும் விவாதிக்க மாட்டார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் உரிமம் இல்லாமல் அகழ்வது நேரடியாகவே குற்றம். சட்டத்துக்கு முன்பே ஊர் வந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஒருவர் தரையில் கருவி வைத்துக் குனிந்தால் பத்து நிமிடத்தில் 'புதையல் எடுக்கிறாங்களாம்' என்று தெருமுனை வரை செய்தி போய்விடும்.

அனுமதி கிடைத்தே விட்டது, பூங்காவும் பழைய மரங்கள் நிற்கும் நிஜமான பழைய தரை என்றால், தோண்டும் முறை இது. முதல் நாள் மாலை தண்ணீர் விட்ட தரையில் மறுநாள் காலை வேலை செய்யுங்கள். காய்ந்த தரையில் வெட்டிய புல் இரண்டு நாளில் கருகும். இரண்டு அங்குல ஆழத்துக்குள் என்றால் வெட்டவே வேண்டாம். முனை மழுங்கிய ஸ்குரூடிரைவரால் துழாவி நெம்பி எடுத்துவிடலாம். அதற்கும் கீழே என்றால் லாட வடிவில் மூன்று பக்கம் மட்டும் நாலைந்து அங்குல ஆழம் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் போல விட்டுப் புல்லைத் திருப்புங்கள். உதிரி மண் ஒரு துண்டுச் சாக்கின் மேல் விழ வேண்டும், புல்லின் மேல் அல்ல. மூடும்போது அடிமண் அடியில், மேல்மண் மேலே. மிதித்து அழுத்தி, ஒரு சொம்பு தண்ணீர். சொட்டுநீர்க் குழாயும் விளக்குக் கம்பியும் நாலைந்து அங்குலத்திலேயே ஓடும் என்பதால், நேர்கோட்டில் தொடர்ந்து ஒலி வந்தால் அங்கே கரண்டி வைக்காதீர்கள்.

கொல்லை

டெல்டாவில் முதல் தேர்வாக நாங்கள் சொல்வது பழைய வீட்டுக் கொல்லையைத்தான். மூன்று தலைமுறை குடியிருந்த மனை, மண் கொட்டி மேடேற்றாத தரை, கேட்டு வாங்கக்கூடிய அனுமதி. இந்த மூன்றும் ஒருங்கே அமைவது வேறெங்கும் இல்லை.

காசு விழும் இடங்களுக்கு ஒரு தர்க்கம் உண்டு. குனிந்து நிமிரும் இடம், மடி அவிழும் இடம், இருட்டில் புழங்கும் இடம். கிணற்றடியும் துவைகல்லைச் சுற்றி இரு கை விரித்த தூரமும் முதலில். பிறகு திண்ணையின் முன்விளிம்பு, கூரைத்தண்ணீர் சொட்டும் கோடு, மாட்டுத் தொழுவத்து வாசல், கயிற்றுக்கட்டில் போடும் மரத்தடி. நெற்களத்தில் நிறையக் கிடைக்கும் என்று பலரும் எதிர்பார்ப்பார்கள். கிடைப்பது குறைவு. காரணம் எளிது: களத்தில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது, காசாக அல்ல. காசு கைமாறிய இடம் சந்தைத் திடலும் தேரடியும். அவை ஊராட்சிக்கோ கோயிலுக்கோ உரியவை என்பதால் அந்த ஆசையை அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

கிடைப்பது என்ன? பெரும்பாலும் பிரிட்டிஷ் காலச் செம்பு. 1835-ம் ஆண்டுக் கம்பெனிக் காலணா 6.47 கிராம், அதே ஆண்டுத் தம்பிடி 2.16 கிராம். 1906-க்குப் பிறகு செம்பு போய் வெண்கலம் வந்தது, எடையும் குறைந்தது. அந்தக் காலணா 4.86 கிராம். 1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா சுமார் இரண்டு கிராம்தான், நடுவில் துளை வேறு. துளை இருப்பதால் ஒலி குறையும் என்று நினைக்க வேண்டாம். வளைய வடிவம் டிடெக்டருக்குப் பிடித்தமானது. பிறகு 1957-க்குப் பிந்திய நயா பைசா, அதன் பின் எடையே இல்லாத அலுமினியம். நாயக்கர், மராட்டியர் காலச் சிறு செப்புக்காசுகள் நகக்கண் அளவுதான். ராஜராஜன் பெயர் நாகரியில் பொறித்த, ஒரு பக்கம் நின்ற உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் கொண்ட செப்புக்காசு ஏறத்தாழ நாலு கிராம் வரை வரும்.

காந்தச் சோதனையை இங்கே முழுமையாக நம்பக் கூடாது. 1946, 1947-ல் வந்த அரை ரூபாயும் கால் ரூபாயும், 1947-ம் ஆண்டு ஒரு ரூபாயும் சுத்த நிக்கல். காந்தத்தில் ஒட்டும். ஒட்டுகிறதே, இரும்பு வில்லை என்று எறிந்துவிட்டால் போனதுதான்.

எவ்வளவு ஆழம் எட்டும்? பதினோரு அங்குலக் காயிலோடு, கால் அணா அளவுக் காசு டெல்டா வண்டலில் ஆறேழு அங்குலம் வரை தெளிவாகக் கேட்கும். நாயக்கர் காலத்துச் சிறு காசு மூன்று, நாலு அங்குலம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் வயலைப் பற்றிய கேள்விக்கும் விடை கிடைக்கும். நஞ்சை நிலத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேறு கலக்கி உழுதிருக்கிறார்கள். காசு அந்தச் சேற்றில் மூழ்கி, உழவு படாத கெட்டித் தட்டின் மேல் போய் உட்காரும். அது ஆறு முதல் எட்டு அங்குலம். பெரிய காசு எட்டினாலும் எட்டும், சிறியது எட்டாது. வயலில் தேடுவதானால் சம்பா அறுவடை முடிந்து, தை பின்பாதியிலிருந்து மாசி வரை, மண்ணில் ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே தேடிவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் களிமண் வெடித்துக் கல்லாகிவிடும். ஒலியும் மங்கும், கரண்டியும் இறங்காது. உளுந்து, பயறு தெளித்திருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கொல்லையின் பெரிய எதிரி இரும்பு. மாட்டு லாடமும் லாட ஆணியும் வண்டிப் பட்டைத் துண்டும் கட்டுக்கம்பியும் ஒரு சதுர அடிக்கு ஐந்தாறு ஒலி தரும். ஓர் ஆணிக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பிடி, ஆணியின் ஒலியில் மறைந்துவிடும். இதற்குப் பெரிய காயில் உதவாது. ஐந்தாறு அங்குலச் சிறு காயிலை மாட்டி, உணர்திறனை இறக்கி, மெதுவாக வீச வேண்டும். முதலில் அரை மணி நேரம் பெரிய இரும்பை மட்டும் பொறுக்கி வாளியில் போட்டுவிட்டு அதே தரையை மறுபடி சுற்றினால், முன்பு ஊமையாக இருந்த இடங்கள் பேசத் தொடங்கும். உடைந்த செங்கலும் ஓடும் இன்னொரு தொல்லை. சூளையில் வெந்த மண்ணுக்குக் காந்தத் தன்மை ஏறிவிடுவதால் உலோகம் போலவே ஒலி தரும்.

சட்டம் சொல்வது

சொந்தக் கொல்லைதானே என்று இருந்துவிட முடியாது. 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்துள்ள, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன் பார்வையில் புதையல். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, ஏறத்தாழ என்ன மதிப்பு, எங்கே, எந்தத் தேதியில். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவரப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் வரலாம். 1878-ல் பத்து ரூபாய் பெரிய தொகை. இன்று அது ஏறத்தாழ ஒரு டீயின் விலை. எல்லை மட்டும் மாறவில்லை.

உடையவர் இல்லாத புதையல் என்று ஆட்சியர் அறிவித்து, நிலத்துக்காரருக்கும் கண்டெடுத்தவருக்கும் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம்.

டெல்டாவில் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஊர்கள் பலவற்றில் வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையது அல்லது மடத்தினுடையது. அப்படியானால் சட்டத்தின் கண்ணில் நிலத்துக்காரர் கோயில்தான், கொல்லையைக் கூட்டிப் பெருக்கும் நீங்கள் அல்ல. கரண்டி வைப்பதற்கு முன் பட்டாவைப் பாருங்கள். தெரிந்தவர் கொல்லை என்றால், என்ன கிடைத்தாலும் எப்படிப் பங்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொந்த அத்தை வீடாக இருந்தாலும். அங்கேதான் இன்னும் அவசியம்.

நூறு ஆண்டு தாண்டிய காசு, 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. உரிமம் இல்லாமல் தொல்பொருள் வியாபாரம் செய்யக் கூடாது.

ஒலி காதைப் பிளக்கும் அளவுக்குப் பெரிதாக, அகலமாக வந்து, கீழே பச்சை படிந்த வளைவு தென்பட்டால் அந்த நொடியிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். டெல்டா மண்ணில் செப்புத்திருமேனிகள் புதைந்து கிடப்பது கதையல்ல. இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் எல்லோரும் நின்று பார்க்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் 1950-களின் தொடக்கத்தில் மண்ணிலிருந்து வெளிவந்தவர்தான். பானை நிறையக் காசு வந்தாலும் அதே விதி: அசைக்காமல் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரையும் வட்டாட்சியரையும் அழையுங்கள். பானையில் காசு எந்த வரிசையில் கிடந்தது என்பது காசைவிடப் பெரிய செய்தி.

கடற்கரை

ஆவலைத் தூண்டுவது தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனியர் வசம் இருந்த ஊர். முதலில் ஈயக் காசும் பிறகு செப்புக் 'காஸ்' நாணயங்களும் அங்கே வெளியாயின. ஊரின் கிழக்குப் பகுதியைக் கடல் தின்றுகொண்டே வந்திருக்கிறது. 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலையில் போனதே சான்று. கடல் தின்ற தெருவின் பொருள் கடலோரத்தில்தானே கிடக்கும்!

இங்கே தேடல் வேறு விளையாட்டு. காய்ந்த மணலில் எந்தக் கருவியும் ஓடும், ஆனால் கிடைப்பது நேற்றைய சுற்றுலாக் காசு. பழையது கிடப்பது ஈர மணலில், அலை வாங்கிப் போன பள்ளங்களில், கூழாங்கல்லும் செங்கல் சில்லும் கருமணலும் ஒதுங்கும் கோட்டில். கனமானவை ஒன்றாகச் சேரும், ஆகவே கல் கிடக்கும் இடத்தில்தான் காசும். நம் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கரை கொஞ்சம் அதிகம் திறக்கும். ஐப்பசி, கார்த்திகைப் புயலுக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு ஈடு எதுவும் இல்லை. புயல் மேல்மணலை அள்ளிப் போயிருக்கும். அதே கடல் ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து மூடிவிடும்.

சிக்கல் உப்பு. ஈர உப்பு மணல் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அதிர்வெண்ணில் அலை அனுப்பும் ஒற்றை அதிர்வெண் கருவி அதை உலோகம் என்று நினைத்து ஓயாமல் கீச்சிடும். உணர்திறனை இறக்கினால் கீச்சு நிற்கும், ஆழமும் நின்றுவிடும். பல அதிர்வெண் கருவி அல்லது விட்டுவிட்டுத் துடிப்புகளாக அலை அனுப்பும் பல்ஸ் வகைதான் இங்கே எடுபடும். பல்ஸ் வகைக்கு உப்பும் கருமணலும் பெரிய பொருட்டில்லை, ஆழமும் போகும். ஆனால் இரும்பையும் செம்பையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றையும் தோண்ட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கலைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மீனவர் கரையில் வலையின் ஈயக் குண்டுகள் எங்கும் கிடக்கும். டேனிய ஈயக் காசும் ஈயம்தான். எந்தக் கருவியாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு காசுக்காக எத்தனை குண்டு பொறுக்குவது என்பது உங்கள் முதுகின் வலு. கரை பொறுக்கிப் பழகிய கண், டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதி நேரம் வெறுமனே நடக்கும். அலை வாங்கியதும் கருப்பாக, வட்டமாக, மணலைவிட ஒரு கணம் தாமதமாக நகர்வது கண்ணிலேயே படும்.

தரங்கம்பாடியில் டேனியர் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டையைச் சுற்றிய மணலில் தேட நினைக்க வேண்டாம். அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. பூம்புகார்ப் பகுதியும் அகழாய்வு நடந்த நிலம். கடற்கரையும் அரசு நிலமே, புதையல் சட்டமும் இங்கே வரும். கோட்டையிலிருந்து விலகிய திறந்த கரையில், மணலுக்கு மேல் கிடப்பதைப் பொறுக்குவதோடு நிறுத்திக்கொள்பவருக்குத்தான் இந்த வாய்ப்பு.

ஆற்றுமணல்

மேட்டூர் அடைத்து, ஜூன் 12 திறப்புக்கு முன்னால் காவிரியும் அரசலாறும் வெறும் மணலாகக் கிடக்கும் மாதங்களில் படித்துறைகளின் அடியில் காசு தேடுவது பழைய வழக்கம். கயிற்றில் காந்தம் கட்டிப் போடுவோர் எடுப்பது எல்லாம் இன்றைய எஃகுக் காசு. செம்பையும் வெள்ளியையும் காந்தம் தொடாது. பழையது மணலில் நிற்காமல் இறங்கி, அடியில் உள்ள களித்தட்டின் மேல் தங்கும். அது பல இடங்களில் ஆளுயரத்துக்கும் கீழே. மணலை அள்ளிச் சலிக்கத் தொடங்கினால் மணல் கொள்ளை வழக்கில் மாட்டுவீர்கள். மணல் மெலிந்து களித்தட்டு வெளியே தெரியும் இடத்தில் கண்ணால் பார்த்து நடப்பது மட்டுமே மிச்சம். மகாமகக் குளம் போன்ற திருக்குளங்களில் போட்ட காசு கோயிலுக்குப் போட்ட காசு. அதில் கை வைப்பது ஒப்பீட்டுக்குள்ளேயே வராது.

கருவி

கொல்லைக்கும் பூங்காவுக்கும் ஒற்றை அதிர்வெண் வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அதிர்வெண் வகை) போதும். தொடக்கநிலைக் காரெட் ஏஸ் 200 வேலை செய்வது 6.5 கிலோஹெர்ட்ஸில், ஏஸ் 300 எட்டில், ஏஸ் 400 பத்தில். குறைந்த அதிர்வெண் பெரிய செம்பையும் வெள்ளியையும் நன்றாகப் பிடிக்கும். அதிகமானது மெல்லிய, சிறிய, ஈயம் கலந்த காசுகளைப் பிடிக்கும். சிறு காசுதான் குறி என்றால் பத்துக்கு மேற்பட்டது நல்லது. 12 கிலோஹெர்ட்ஸில் ஓடும் நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் தண்ணீர் புகாதது, அதனால் சேற்றுக் கொல்லைக்கும் வாய்க்கால் கரைக்கும் பொருந்தும். கடற்கரையும் வேண்டும் என்றால் மைன்லேப் வான்குவிஷ் போன்ற பல அதிர்வெண் கருவிக்குப் பணம் சேர்ப்பதே முறை. இரண்டையும் அரைகுறையாகச் செய்யும் ஒன்றை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மாற்றினால் செலவு இரட்டிப்பு. இறக்குமதிப் பொருளுக்கு இங்கே மறுவிற்பனை விலையும் கிடைக்காது. முள் ஆடும் மீட்டர் வைத்த மலிவான சீனக் கருவிகள் அரை அடியில் கிடக்கும் காலணாவைக் காட்டாது. காட்டினாலும் இரும்பு என்று காட்டும்.

கருவியோடு கட்டாயம் வேண்டியது கைப் பின்பாயிண்டர், குழிக்குள் காசு இருக்கும் புள்ளியைக் காட்டும் சிறு கருவி. அது இல்லாவிட்டால் ஒரு காசுக்காக வாளியளவு குழி தோண்டுவீர்கள், கரண்டி காசின் மேலேயே விழும். காசு முகத்தில் ஒரு வெட்டு விழுந்தால் அதன் மதிப்பு போயிற்று.

வாங்கியதும் செய்ய வேண்டியது தேடல் அல்ல. கொல்லையில் உலோகம் இல்லாத ஒரு மூலையை உறுதிசெய்து, முழத்துக்கு ஒன்றாக நாலு அங்குல ஆழத்தில் ஒரு காலணா, ஓட்டைக் காலணா, நயா பைசா, அலுமினியப் பத்துப் பைசா, எஃகு ஒரு ரூபாய், சோடா மூடி, மாத்திரை அட்டை, வலை ஈயக்குண்டு இவற்றைப் புதையுங்கள். ஒவ்வொன்றுக்கும் திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுத் திரை சொல்லாததை இந்த ஒரு பக்கக் குறிப்பு சொல்லும்.

தரைச் சமன் வசதி, அதாவது மண்ணின் தாது ஒலியை ஒதுக்கும் வசதி, உள்ள கருவி என்றால் அதைச் செய்யாமல் வீசத் தொடங்கக் கூடாது. உலோகம் இல்லாத தரைக்கு மேல் காயிலை இரண்டு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலம் வரை ஏற்றி இறக்கி, ஒலி ஒரே சீராக வரும்வரை சரிசெய்யுங்கள். பிறகு காயில் தரையை உரசுகிற அளவு தாழ்வாக, சமமாக, முந்தைய வீச்சின் பாதியை மூடியபடி வீசுங்கள். ஊஞ்சல் போல இரண்டு பக்கமும் மேலே தூக்கினால் ஓரத்துக் காசெல்லாம் தப்பும். நல்ல ஒலி வந்தால் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி வீசிப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஒரே எண் என்றால் தோண்டலாம். மின்கம்பத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் பம்ப்செட்டுக்கும் அருகில் கருவி உளறும். உணர்திறனை இரண்டு படி இறக்குங்கள், அல்லது மின்சாரம் நிற்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். டெல்டாவில் அதற்கு அதிகம் காத்திருக்க வேண்டியிருக்காது.

வியாபாரியிடம் வாங்குவது

ஆசை சோழக் காசின் மேல் மட்டும் என்றால், கணக்கைக் கூட்டிப் பாருங்கள். தேய்ந்த ராஜராஜன் செப்புக்காசு வியாபாரியிடம் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். டிடெக்டர் விலைக்கு ஒரு தட்டு நிறைய வாங்கலாம். ரசீது வாங்குங்கள், தொல்பொருள் வியாபார உரிமம் உண்டா என்று கேளுங்கள். போலி வார்ப்புக் காசின் விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு ஓடும், முகத்தில் ஊசிமுனைக் குமிழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் சோப்பில் செய்தது போல மழுங்கியிருக்கும். ஒரே மாதிரி விரிசலுடன் இரண்டு காசு கண்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள். அச்சடித்த காசுகள் அப்படி இரட்டைப் பிறவி எடுப்பதில்லை.

தேடும் சுகம்தான் வேண்டும் என்பவருக்கு வியாபாரி விடையல்ல. அவருக்கு மாசி மாதக் கொல்லையும் எட்டு முதல் பன்னிரண்டு கிலோஹெர்ட்ஸ் கருவியும். கடலோரத்தில் குடியிருந்து, குனியச் சலிக்காதவருக்குப் பல அதிர்வெண் கருவியும் புயலுக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களும். பூங்கா, ஆணையரின் கையெழுத்துக் கையில் இருந்து வேறு இடமும் இல்லாதவருக்கு.

எடுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அந்தப் பச்சை, பழுப்புப் படலம்தான் எழுத்தைத் தாங்கி நிற்கிறது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, மூங்கில் பல்குத்தியால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். கடலில் எடுத்ததை இப்படி வாரக்கணக்கில் ஊறவைத்தால்தான் உப்பு இறங்கும். உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் போட்டு வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். பழைய பச்சை கெட்டியாக இருக்கும், தொட்டால் கையில் ஒட்டாது. வெளிர்பச்சையில் மாவு போல உதிர்ந்தால் உள்ளே உப்பு இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, மறுபடி முதலிலிருந்து ஊறவையுங்கள்.